வெளிநாட்டுக் கம்பெனியும் நம் ஊர்த் தொழிற்சாலையும்: கேள்வி பதில்

உற்பத்தித் தொழிலில் இருப்பவர்கள் வெளிநாட்டு நிறுவனங்களோடு இணைவது, பிரிவது, கைமாறுவது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. கம்பெனிச் சட்ட வழக்கறிஞன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் ஆவணங்களை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை வைத்திருக்கிறோம். அதன் பங்குகள் முழுவதும் சிங்கப்பூரில் உள்ள எங்கள் குடும்பக் கம்பெனியின் பெயரில் இருக்கின்றன. அண்ணன் அங்கே குடியிருக்கிறார், நான் இங்கே. இனி சிங்கப்பூர்க் கம்பெனி தேவையில்லை. அதை ஓசூர்க் கம்பெனியோடு இணைத்துவிடலாமா?

பதில்: இந்தியப் பக்கத்துக் கதவு திறந்துதான் இருக்கிறது. இந்தியக் கம்பெனியும் வெளிநாட்டுக் கம்பெனியும் இணைய இடம் தரும் கம்பெனிச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் 2018 மார்ச்சில் வந்தன. 2024 செப்டம்பரில் இன்னொரு சலுகையும் கிடைத்தது. வெளிநாட்டுத் தாய் நிறுவனம், தனக்கு முழுமையாகச் சொந்தமான இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைவதாக இருந்தால் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியோடு, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரிடம் விண்ணப்பித்தால் போதும்.

சிக்கல் சிங்கப்பூர்ப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நாட்டுச் சட்டமும் இடம் கொடுத்தால்தான் இணைப்பு நடக்கும். அங்குள்ள இணைப்பு முறையோ சிங்கப்பூரில் பதிவான கம்பெனிகள் தங்களுக்குள் இணைவதற்கானது. ஆகவே பலர் வேறு வழியில் போகிறார்கள்: கடனில்லாத சிங்கப்பூர்க் கம்பெனியைப் பங்குதாரர்களே விரும்பிக் கலைத்து, அதன் கையிலிருக்கும் இந்தியப் பங்குகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். காரியம் முடிந்துவிடும். ஆனால் முறையான இணைப்புக்குக் கிடைக்கும் மூலதன ஆதாய வரிவிலக்கு இதற்குக் கிடைக்காது. உங்கள் பங்குக்கு வருவதன் சந்தை மதிப்பை வைத்து உங்களிடம் வரி கேட்பார்கள். சிங்கப்பூர்க் கம்பெனியின் மதிப்பில் பெரும்பகுதி ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்தே வருவதால் அண்ணனும் இந்திய வரிக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. போன்பே நிறுவனம் 2022-இல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு இடம் மாறியபோது அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய் என்று அந்நிறுவனத்தாரே சொன்னார்கள். தாய்வீடு திரும்புவதும் இலவசமல்ல.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். இந்தியாவில் குடியிருக்கும் உங்கள் கைக்குச் சிங்கப்பூர்ப் பங்குகள் எப்படி வந்தன? வெளிநாட்டில் குடியிருந்த தந்தை வழியே வாரிசுரிமையாக வந்திருந்தால் ஒரு கதை. இங்கிருந்து பணம் அனுப்பி வாங்கி, அந்தக் கம்பெனி திரும்ப ஓசூரில் முதலீடு செய்திருந்தால் வேறு கதை. 2022 ஆகஸ்ட் 22-க்கு முன் இப்படிச் சுற்றிவரும் முதலீட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவைப்பட்டது. புதிய விதிகள் கம்பெனிகளுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுத்தன. தனிநபர் விஷயத்தில், அவர் கட்டுப்பாட்டில் உள்ள வெளிநாட்டுக் கம்பெனிக்குத் துணை நிறுவனம் இருந்தால் அந்தக் கம்பெனியில் நேரடி முதலீடு செய்ய இன்றும் தடைதான். பழைய மீறல் இருந்தால் ரிசர்வ் வங்கியிடம் விண்ணப்பித்துச் சமரசத் தொகை கட்டி அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு மனுவோடு எல்லா ஆவணங்களையும் மேசையில் வைக்கத்தான் போகிறீர்கள். அப்போது அதிகாரி கண்டுபிடிப்பதற்கும் இப்போது நீங்களே போய்ச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கிறோம். ஐரோப்பிய வாங்குநர் ஒருவர் வருகிறார். கோவைக் கம்பெனியை எங்கள் துபாய்க் கம்பெனிக்குள் இணைத்துவிட்டு துபாயை விற்றால் வேலை சுலபம் என்கிறார் அங்குள்ள ஆலோசகர். அது முடியாதென்றால், தொழிற்சாலையை மட்டும் பிரித்து துபாயோடு சேர்க்கலாமா?

பதில்: துபாய் ஆலோசகருக்குச் சுலபம், உங்களுக்கு அல்ல. இந்தியக் கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனிக்குள் கரைவதைச் சட்டம் ஏட்டளவில் அனுமதிக்கிறது. கரைந்த பிறகு உங்கள் கோவைத் தொழிற்சாலை என்னவாகும் என்று பாருங்கள். அது வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியக் கிளை அலுவலகமாகக் கருதப்படும். அத்தகைய கிளை அலுவலகம் இந்தியாவில் நேரடியாக உற்பத்தியில் ஈடுபடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பம்ப் தொழிற்சாலை பம்ப் செய்யக் கூடாது என்றால் வாங்குநர் எதை வாங்குவார்?

வரியும் இடிக்கும். இணைப்புக்கான வரிவிலக்கு வேண்டுமானால் இணைந்தபின் நிற்பது இந்தியக் கம்பெனியாக இருக்க வேண்டும். இந்தியக் கம்பெனி 22 சதவீத வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அடிப்படை விகிதமே 35.

இரண்டாவது யோசனையை சன் ஃபார்மா வழக்கோடு மறந்துவிடலாம். இந்தியப் பிரிவுகளை வெளிநாட்டுத் துணை நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை 2019 டிசம்பரில் அகமதாபாத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 234-ஆம் பிரிவில் இணைப்பு உண்டு, பிரிப்பு இல்லை என்பதே காரணம்.

கோவைக் கம்பெனியின் பங்குகளை நேரடியாக விற்றுவிடுங்கள். வாங்குநருக்குத் தொழில் மட்டும் போதும், பழைய கடனும் வழக்கும் வேண்டாம் என்றால், அவர் இங்கே புதிய கம்பெனி தொடங்கட்டும். நீங்கள் தொழிலை ஒட்டுமொத்தமாக அதற்கு விற்கலாம். நடக்கும் தொழிலை அப்படியே கைமாற்றினால் ஜிஎஸ்டி விலக்கும் உண்டு. எல்லோரும் முதலில் இணைப்பு என்றுதான் வருகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாக எடுக்க வேண்டிய கருவி.

கேள்வி: ஒரகடத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன், 12 ஆண்டு சர்வீஸ். எங்கள் ஜப்பானியத் தாய் நிறுவனம் ஒரு பிரிவை இன்னொரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்கிறது. எச்.ஆர். இரண்டு தாள்களில் கையெழுத்துக் கேட்கிறார்: ஒன்று ராஜினாமா, மற்றொன்று புதிய கம்பெனியின் நியமனக் கடிதம். போடலாமா?

பதில்: தம்பி, ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாய் நிறுவனத்தின் பங்குகள் மட்டும் கைமாறினால் உங்கள் முதலாளி அதே இந்தியக் கம்பெனிதான். எந்தக் கடிதமும் தேவையில்லை. உங்கள் பிரிவு தனியாக விற்கப்படுகிறது என்றால் முதலாளி மாறுகிறார். அப்போது சட்டம் மூன்று விஷயங்களைப் பார்க்கும்: வேலை இடையில் முறியக் கூடாது, நிபந்தனைகள் பழையதைவிடக் குறையக் கூடாது, பின்னாளில் ஆட்குறைப்பு நடந்தால் பழைய ஆண்டுகளையும் சேர்த்துப் புதிய முதலாளி இழப்பீடு தர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொழிலாளிக்கு இழப்பீடு கேட்க உரிமை வந்துவிடும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த பாதுகாப்பு இது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. சூப்பர்வைசர் என்பதால் உங்கள் சம்பளமும் நீங்கள் உண்மையில் செய்யும் வேலையும் சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

எப்படியானாலும் இரண்டு தாள்களுக்குப் பதில் ஒரே பணிமாற்றக் கடிதம் கேளுங்கள். அதில் நீங்கள் முதலில் சேர்ந்த தேதி இருக்க வேண்டும். "பணிக்கொடை, ஈட்டிய விடுப்பு உள்ளிட்ட அனைத்துக்கும் முந்தைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும்" என்ற வரியும் இருக்க வேண்டும். ராஜினாமாவில் கையெழுத்திட்டால் 12 ஆண்டு அன்றோடு முடிந்து, பணிக்கொடைக்குப் புதிதாக எண்ணத் தொடங்குவார்கள். பி.எஃப். கணக்கு எண் தொடரும் என்று சமாதானம் சொல்வார்கள். அது வேறு, இது வேறு.

கேள்வி: எங்கள் ஜெர்மன் துணை நிறுவனம் நஷ்டத்தில் ஓடுகிறது. அதன் மேலாண் இயக்குநர் நான்தான், இருப்பது சென்னையில். இயந்திரங்களை மெதுவாக இங்கே கொண்டுவந்துவிட்டு, பிறகு மூடிவிடலாம் என்று இருக்கிறோம்.

பதில்: அந்த "மெதுவாக" என்ற சொல்தான் பயமுறுத்துகிறது. ஜெர்மனியில் கம்பெனியால் கடனைக் கட்ட முடியாத நிலை வந்தால் அதிகபட்சம் மூன்று வாரத்துக்குள் திவால் மனு போட வேண்டும். சொத்தைவிடக் கடன் மிஞ்சி, அடுத்த 12 மாதம் தாக்குப்பிடிக்கவும் வழி தெரியாவிட்டால் ஆறு வாரம். தாமதித்தால் குற்றம். அந்த நிலை வந்தபின் கம்பெனி கொடுத்த பணத்துக்கு இயக்குநர் சொந்தக் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டிவரலாம். சென்னையில் இருப்பது அதற்குப் பாதுகாப்பு ஆகாது. இந்தச் சமயத்தில் இயந்திரங்களை வெளியேற்றினால், பின்னால் வரும் திவால் நிர்வாகி அவற்றைத் திரும்பக் கேட்பார். ஆலை மூடலைப் பற்றி, அங்குள்ள தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த தொழிலாளர் மன்றத்தோடு பேச்சு நடத்தும் கடமையும் இருக்கலாம்.

இன்னும் கடன் கட்ட முடிகிறது, வரும் மாதங்களில்தான் இடிக்கும் என்றால், 2021 ஜனவரியில் அங்கே வந்த மறுசீரமைப்புச் சட்டம் உதவும். கடன் கொடுத்தவர்களின் ஒவ்வொரு பிரிவிலும் 75 சதவீத ஆதரவு கிடைத்தால் கடனைக் குறைக்கலாம். தொழிலாளர் பாக்கியைத் தொட முடியாது. தாய் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்துத் தூக்கி நிறுத்தலாம். ஆனால் அந்த உத்தரவாதமும், இந்தியக் கம்பெனி தன் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரைதான் வெளிநாட்டுக்குப் பொறுப்பேற்கலாம் என்ற வரம்புக்குள் வரும். ஜெர்மன் வழக்கறிஞரை இந்த வாரமே பிடியுங்கள்.

கேள்வி: இணைப்புக்குத் தீர்ப்பாய உத்தரவு வந்துவிட்டது. இனி வேறு வேலை உண்டா?

பதில்: நிறைய. உத்தரவை 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். முத்திரைத் தீர்வை உண்டு. இணைப்பு உத்தரவும் தீர்வைக்குரிய ஆவணம்தான் என்று இந்துஸ்தான் லீவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இலேயே சொல்லிவிட்டது. சிப்காட் மனை என்றால் குத்தகைப் பெயர் மாற்றத்துக்கு அவர்களின் ஒப்புதலும் கட்டணமும் வேண்டும். தொழிற்சாலை உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, மின் இணைப்பு, ஜிஎஸ்டி வரவு என்று ஒவ்வொன்றையும் பெயர் மாற்ற வேண்டும். பெரும்பாலோர் மறப்பது ஏற்றுமதிச் சலுகையில் சுங்கவரி இல்லாமல் இறக்கிய இயந்திரங்களை. தவிர்த்த வரியைப் போல் ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு ஆண்டுகளில் செய்து காட்டும் கடமை அவற்றின் மேல் இருக்கும். பழைய கம்பெனி பெயரில் உள்ள அந்த அனுமதியைப் புதிய பெயருக்கு மாற்றாவிட்டால், புதிய கம்பெனி செய்யும் ஏற்றுமதி கணக்கில் சேராமல் போகும்.

கேள்வி: வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் வருடாந்திர அறிக்கையை இரண்டு ஆண்டாக வங்கிக்குக் கொடுக்கவில்லை. இப்போது அதை விற்க முடியுமா?

பதில்: கொடுத்துவிட்டு விற்கலாம். ஒவ்வோர் அறிக்கைக்கும் தாமதக் கட்டணம் 7,500 ரூபாய். கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இந்த வசதி உண்டு. அதைத் தாண்டினால் சமரச விண்ணப்பம்தான்.