பத்து வருடம் சோறு போட்ட குட்டி யானையை விற்றுவிட்டுப் பெரிய வண்டி எடுக்கலாமா?

எடுக்கலாம். மனசு வரவில்லை என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். எனக்கும் வரவில்லை. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் லோடு அடிக்கிறேன். 2012 மாடல் குட்டி யானையை, அதாவது டாடா ஏஸை, 2022 வரை ஓட்டிவிட்டு அசோக் லேலண்ட் தோஸ்த் எடுத்தேன்.

குட்டி யானை தாங்குவது 750 கிலோ. மீனும் ஐஸுமாக ஒரு பெட்டி ஐம்பது கிலோ என்றால் பதினைந்து பெட்டி. யாரும் பதினைந்தோடு நிறுத்துவதில்லை, நானும் நிறுத்தவில்லை. இருபதுக்கு மேல் அடுக்கிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் ஏறும்போது அது முதல் கியரில் முக்குகிற சத்தம் கேட்டால் எனக்கே வலிக்கும். கடைசி வருடம் மட்டும் கமான் பட்டை (எடையைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு) இரண்டு தடவை உடைந்தது. சரி, இரண்டு நடையாகப் போகலாம் என்றால், இரண்டாவது நடை சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் சேர்வதற்குள் வியாபாரம் பாதி முடிந்திருக்கும். வாரத்தில் நாலு நாளாவது இப்படி ஆகிறதா? மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மட்டும்தான் என்றால் அன்றைக்கு இன்னொரு வண்டியை வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள், போதும். தோஸ்தில் 1250 கிலோ, அதே பெட்டி இருபத்தைந்து முறையாகவே ஏறுகிறது.

டியூ (வண்டிக் கடனின் மாதத் தவணை) விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, டியூ தேதி மட்டும் தவறாமல் வரும். பத்து மாத வருமானத்தில் பன்னிரண்டு டியூ கட்ட முடிந்தால்தான் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், லோடோடு சேர்த்து மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டும் மாடல் என்றால் பர்மிட் தனியாக எடுக்க வேண்டும்.

விற்கும்போது எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) நடப்பில் இருக்கட்டும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்பதால் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூடவே போய்ப் பெயர் மாற்றிவிட்டு வாருங்கள். விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பழைய கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) ஃபாரம் 35-ம் வாங்கி அந்தப் பதிவை முதலில் நீக்குங்கள். என் சித்தப்பா மகன் வண்டியை விற்றுப் பெயர் மாற்றாமல் விட்டான். எட்டு மாதம் கழித்து அந்த வண்டி யாரையோ இடித்தது, நோட்டீஸ் இவன் வீட்டுக்கு வந்தது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புது வண்டி எடுக்கும் இடத்தில் எக்ஸ்சேஞ்சில் பழைய வண்டிக்குக் கேட்ட விலை எனக்குப் பிடிக்கவில்லை. கொருக்குப்பேட்டையில் தண்ணி கேன் போடும் தம்பி ஒருவர் வந்தார். உப்புத் தண்ணி தின்ற தரைத்தகட்டை நான் மறைக்கவில்லை, ஒட்டு போட்ட நாலு இடத்தையும் காட்டினேன். அவர் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "கேனுக்கு இது போதும்ணா" என்றார். குட்டி யானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. மே மாதம் உட்கார முடியாது. அதற்காக என் மனைவி சாக்கை நாலாக மடித்துத் தைத்துக் கொடுத்த மெத்தையையும் அவரிடமே கொடுத்தேன். சாவியைக் கொடுத்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

போன மாதம் ரயில்வே கேட்டில் பக்கத்தில் வந்து நின்றது. பெயின்ட் மாறியிருந்தாலும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன், அந்தச் சாக்கு மெத்தை மேல்தான் தம்பி உட்கார்ந்திருந்தார்.