முகர்வுச் சோதனையின் விடைத்தாளைத் தமிழாக்கினால் போதுமா?

கேள்வி: காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதுநிலை மாணவராக இருக்கிறேன். அமெரிக்காவில் உருவான, 40 மணங்கள் கொண்ட முகர்வுச் சோதனையைப் பயன்படுத்துகிறோம். மூக்கில் எந்தக் குறையும் இல்லாதவர்களே குறைந்த மதிப்பெண் பெறுகிறார்கள். விடைகளைத் தமிழில் கொடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஓரளவு உதவும், ஆனால் அது மட்டும் போதாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி குழுவினர் 1984இல் வெளியிட்ட இந்தச் சோதனையில், தாளைச் சுரண்டி முகர்ந்து, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ரூட் பீர் என்ற குளிர்பானம், டில் பிக்கிள் என்ற வெள்ளரி ஊறுகாய், விண்டர்கிரீன் என்ற செடியின் மணம் போன்றவை அமெரிக்கர்கள் சிறுவயது முதலே தின்றும் குடித்தும் பழகிய மணங்கள். விண்டர்கிரீனின் மணத்துக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட், நம் வீடுகளில் மூட்டுவலித் தைலமாகவே அறிமுகம். நோயாளி அதைத் தெளிவாக உணர்ந்து, தைலம் என்ற விடையைத் தேடி, அது கிடைக்காமல் வேறொன்றைக் குறித்தால், அந்தப் பிழைக்கும் முகர்வு நரம்புக்கும் தொடர்பே இல்லை.

ஆகவே பழக்கமில்லாத மணங்களை நீக்கிவிட்டு வேறு மணங்களைச் சேர்க்க வேண்டும். ஜப்பானியர் தங்கள் சோதனையில் ஹினோகி மரம், எழுத்து மை, கறிமசாலா ஆகியவற்றைச் சேர்த்தது இப்படித்தான். ஆனால் பழக்கம் மட்டுமே தகுதியாகிவிடாது. தமிழ்நாட்டில் எவருக்கும் முதலில் தோன்றக்கூடியது கற்பூரம், அதைத் தவிர்த்துவிடுங்கள். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் முகர்வு நரம்பை மட்டுமன்றி, முகத்தின் தொடுவுணர்வையும் எரிச்சலையும் கடத்தும் முக்கிளை நரம்பையும் தூண்டுவதால், மணமே அறியாதவரும் அந்தக் குளிர்ச்சியையும் உறைப்பையும் கொண்டு சரியான விடையைச் சொல்லிவிடக்கூடும். மல்லிகையிலும் எச்சரிக்கை தேவை: செயற்கை மல்லிகை எசன்ஸ் சரத்துப் பூவை அல்ல, ஊதுபத்தியையே பலருக்கு நினைவூட்டக்கூடும். ஏலக்காய், பெருங்காயம், வறுத்த காபி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது, சரியான விடையோடு சேர்த்துத் தரும் தவறான விடைகளைத்தான். கிராம்புக்குப் பக்கத்தில் பட்டையை வைத்தால் நல்ல மூக்கும் தடுமாறும். மீனை வைத்தால் பாதி மணம் இழந்தவரும் தப்பிவிடுவார். எழுத்தறியாத நோயாளிகளுக்கு விடைகளைப் படங்களோடு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இவ்வாறு தயாரித்ததை முதலில் ஆரோக்கியமானவர்களிடம் சோதிக்க வேண்டும். அவர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லும் மணங்களை மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். பின்னர் மணம் முற்றிலும் இழந்தவர்களிடமும் சோதியுங்கள்; நான்கு விடைகளில் ஒன்று என்பதால் அவர்கள் குருட்டாம்போக்கில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்ணைச் சுற்றியே பெற வேண்டும், அதைவிடத் தெளிவாக அதிகம் பெற்றால் ஏதோ ஒரு மணம் முக்கிளை நரம்பு வழியாகக் காட்டிக்கொடுக்கிறது. வயது, பாலினம் வாரியான எல்லை மதிப்பெண்களையும் இங்கேயே புதிதாகக் கணக்கிட வேண்டும். அமெரிக்க அட்டவணையை ஒட்டவைக்க முடியாது. பத்து மணங்களை நீக்கிவிட்டு 30க்கு வந்ததை 40க்கு விகிதப்படுத்துவதும் சரியல்ல. மூலச் சோதனை விற்பனைக்குரியது என்பதால், மாற்றுவதற்கு முன் உரிமையாளரின் அனுமதியையும் பெறுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை, பீனைல் எத்தில் ஆல்கஹாலையோ பியூட்டனாலையோ படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவில் மணம் தெரிகிறது என்று பார்க்கும் நுழைவாயில் சோதனையை நம்பலாம். அதில் மணத்துக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. முகர்வுக் குறை பார்கின்சன் நோயின் தொடக்க அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அந்த ஐயத்தோடு அனுப்பப்படுபவர்களுக்கு இது முக்கியம். அவர்களுடைய கோப்பில் 40க்கு இத்தனை என்று மட்டும் எழுதாமல், எந்தெந்த மணங்களை அவர்கள் வாழ்க்கையில் அறிந்ததே இல்லை என்பதையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.