பிள்ளை பெற்று வந்தால் பதவியை இறக்கலாமா? லண்டன் பாலே கலைஞரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: லண்டனில் ஒரு பாலே குழுவில் ஆறு வருடமாக ஆடுகிறேன். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய ஒப்பந்தம் தருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் சோலோயிஸ்ட், அதாவது தனி நடனங்கள் ஆடும் கலைஞர், ஆனேன். மகளுக்கு இப்போது எட்டு மாதம். பத்துக் கிழமையில் புதிய பருவம் தொடங்கும்போது திரும்ப இருக்கிறேன். போன கிழமை கலை இயக்குநர் ஸூமில் அழைத்து, “உடம்பு பழைய நிலைக்கு வரும்வரை ஒரு பருவம் கோர் டி பாலேயில் கூட்டத்தோடு ஆடுங்கள், பிறகு பார்க்கலாம்” என்றார். அடுத்த நாளே குறைந்த பதவி, குறைந்த சம்பளத்தோடு ஒப்பந்தம் வந்துவிட்டது. பதினான்கு நாளில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். ஏழு கிழமை வெளியூர்ச் சுற்றுப்பயணம் வேறு இருக்கிறது. “கிடைத்ததை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்” என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அதே நேரம் கோபத்தில் ராஜினாமாக் கடிதமும் எழுதிவிடாதீர்கள். உங்கள் அம்மா பேத்தியை நினைத்துச் சொல்கிறார், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் இப்போது பேசாமல் ஏற்றுக்கொண்டால் அடுத்த பருவத்தில் சோலோயிஸ்ட் பதவியைக் கேட்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

உங்கள் இயக்குநர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார். எந்த நடனத்தில் எந்தப் பாத்திரம் யாருக்கு என்பது பெரும்பாலும் அவருடைய கலைத் தீர்மானம். முதல் மாதமே முழுநீளப் பாத்திரம் தா என்று எந்த நியாயசபையும் அவருக்கு உத்தரவிடாது. ஆனால் சோலோயிஸ்ட் என்ற பதவியும் அதற்கான சம்பளமும் உங்கள் வேலை நிபந்தனைகள். மகப்பேற்று விடுமுறை 26 கிழமையைத் தாண்டியிருந்தால், அதே வேலைக்குத் திரும்புவது நியாயமான அளவில் சாத்தியம் இல்லாதபோது மட்டும் பொருத்தமான வேறு வேலை தரலாம். அதுவும் முன்னைய நிபந்தனைகளை விடக் குறைந்ததாக இருக்கக்கூடாது. 1999ஆம் ஆண்டு மகப்பேற்று, பெற்றோர் விடுமுறை ஒழுங்குவிதிகள் சொல்வது இதைத்தான். குழுவில் சோலோயிஸ்ட் பதவி இருக்கிறது, அதில் ஆட்கள் ஆடுகிறார்கள். சாத்தியமில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

அவர் சொன்ன காரணமும் உங்களுக்கே உதவும். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, கர்ப்பம் காரணமாகவோ மகப்பேற்று விடுமுறை காரணமாகவோ ஒரு பெண்ணைப் பாதகமாக நடத்துவதைத் தடுக்கிறது. இதே இடத்தில் ஓர் ஆண் கலைஞர் இருந்திருந்தால் எப்படி நடத்தியிருப்பார்கள் என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய தேவைகூட இல்லை. விடுமுறையில் இருக்கும்போதே “உங்கள் உடம்பு” என்று சொல்லிப் பதவியை இறக்கியிருக்கிறார்கள். பாத்திரம் தரும் விஷயத்திலும் இதே சட்டம் பொருந்தும். முழுப் பருவமும் உங்களை ஓரமாக நிறுத்தி, அதற்குக் காரணம் பிள்ளை பெற்றதுதான் என்று தெரிந்தால் அதுவும் பாகுபாடுதான். என்ன, அதை நிரூபிப்பது கடினம்.

ஆகவே ஸூமில் பேசியதை முதலில் எழுத்தில் கொண்டுவாருங்கள். இயக்குநருக்கும் எச்ஆர் எனும் பணியாளர் பிரிவுக்கும் இன்றே ஓர் ஈமெயில் போதும்: “நம் உரையாடலில் நீங்கள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். என் உடம்பு பழைய நிலைக்கு வரும்வரை ஒரு பருவம் கோர் டி பாலேயில் ஆடும்படி சொன்னீர்கள். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. சோலோயிஸ்டாகவே திரும்ப விரும்புகிறேன். நான் பிழையாக விளங்கியிருந்தால் தயவுசெய்து திருத்துங்கள்.” இதில் சண்டை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. மறுத்து எழுதாவிட்டால் அதுவே நாளைக்கு நல்ல சான்று. விடுமுறை முடிவதற்கு முன்னரே திரும்புவதாக இருந்தால் எட்டுக் கிழமை முன்னறிவித்தல் தேவை, அந்தத் தேதியையும் இதிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு வரி: ஆறு வருடமாக வருடாந்த ஒப்பந்தம். 2002ஆம் ஆண்டு குறித்த கால ஒப்பந்தப் பணியாளர் ஒழுங்குவிதிகளின்படி, இப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்துத் தொடர்ச்சியாக நான்கு வருடம் வேலை செய்தவர், தகுந்த காரணத்தை முதலாளி காட்டினால் தவிர, நிரந்தரப் பணியாளர் ஆகிவிடுவார். நீங்கள் நிரந்தரம் என்றால் புதிய ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்கு அனுப்பியது சம்பளக் குறைப்பு, அவ்வளவுதான். உங்கள் நிலையை உறுதிப்படுத்தும்படி எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒரு கவனம்: கூட்டு உடன்படிக்கையில் இந்த நான்கு வருட விதியை மாற்றியிருக்கலாம். அதனால் கேட்பதற்கு முன் ஈக்விட்டி தொழிற்சங்கத்தோடு கதையுங்கள். பாலே குழுக்களோடு உடன்படிக்கை பேசுகிறவர்கள் அவர்களே. ஒருவேளை நிரந்தரம் இல்லை என்று வந்தாலும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது சட்டத்தில் பணிநீக்கம்தான். அதன் காரணம் மகப்பேறு என்றால் எத்தனை வருடச் சேவை என்ற கேள்வியே எழாது.

உடம்பு உண்மையிலேயே நேரம் கேட்கும். அதை ஒளிக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். படிப்படியாகத் திரும்புவதற்கும் பதவி இறங்குவதற்கும் சம்பந்தமே இல்லை. மகப்பேற்று விடுமுறைக் காலத்திலும் வருடாந்த விடுமுறை சேர்ந்துகொண்டே வரும். சட்டப்படி ஒரு வருடத்துக்கு 5.6 கிழமை. அதைப் பிரித்து முதல் மாதங்களில் கிழமைக்கு மூன்று நாள் மட்டும் போய், முழுச் சம்பளத்தையும் வாங்கலாம். விடுமுறையில் இருந்தபடியே, இருதரப்பும் சம்மதித்தால், பத்து நாள்வரை வகுப்புக்கோ ஒத்திகைக்கோ போகவும் முடியும். அதற்கான சம்பளத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கிறேன் என்பதையும் எழுத்தில் அறிவியுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கிடைத்த பிறகுதான் உங்களுக்கென்று தனியான ஆபத்து மதிப்பீட்டின்படி வேலையையோ நேரத்தையோ மாற்றும் கடமை வருகிறது. தாய்மார் ஓய்வெடுக்கத் தகுந்த இடம் இருக்க வேண்டும் என்பது 1992இலிருந்தே விதி. கழிப்பறை பால் எடுக்கத் தகுந்த இடம் இல்லை என்று சுகாதார பாதுகாப்பு ஆணையமும் தெளிவாகச் சொல்கிறது. பால் எடுக்க இத்தனை நிமிடம் என்று இங்கே சட்டம் இல்லாதபடியால், காலை வகுப்புக்கும் மதிய ஒத்திகைக்கும் நடுவில் எத்தனை மணிக்கு, எந்த அறையில், பாலை வைக்க எந்தக் குளிர்சாதனப் பெட்டி என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். பிள்ளை பெற்ற பிறகு பலருக்குக் கால் அளவு மாறிவிடும். உங்களுக்கும் அப்படியென்றால் பொயின்ட் சப்பாத்துக்குப் புதிதாக அளவெடுப்பதையும் அந்த மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பொருந்தாத சப்பாத்தில் விரல்நுனியில் நிற்கச் சொல்வது காயத்துக்கு வழி.

சுற்றுப்பயணத்துக்கு முற்றாக வரமாட்டேன் என்று சொல்வது புத்தியில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு இரண்டு கிழமையாகப் பிரித்து, இடையில் இன்னொரு சோலோயிஸ்ட் ஆடும்படி நெகிழ்வான வேலைமுறை விண்ணப்பம் போடுங்கள். இரண்டு மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், ஏழு கிழமையும் தொடர்ந்து வெளியூரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெண்களைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்று மறைமுகப் பாகுபாட்டு வாதம் வைக்கலாம். பிள்ளை பராமரிப்பின் சுமை பெண்கள்மேல்தான் அதிகம் விழுகிறது என்பதை நியாயசபைகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2021இல் ஒரு சமூகத் தாதியின் வழக்கில் மேன்முறையீட்டு நியாயசபை தீர்த்திருக்கிறது.

ஈமெயில்களுக்குப் பிறகும் அவர்கள் அசையாவிட்டால் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஆனால் அந்த விசாரணை முடியட்டும் என்று நாளைக் கடத்திவிடாதீர்கள். மூன்று மாதம் நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக ஏகாஸ் என்ற தொழில் தகராறுச் சமரச அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும், அது இல்லாமல் தொழில் நியாயசபைக்குப் போகமுடியாது. உங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கை ஸூம் அழைப்பு வந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். ஒப்பந்தம் வந்த நாள் அதற்கு அடுத்த நாள்தான் என்றாலும், முந்திய தேதியை வைத்துக்கொண்டால் பின்னர் யாரும் அதைப் பற்றி வாதாட முடியாது.