தெருநாய், காப்பகம், கருணைக்கொலை: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

எங்கள் தெருவில் பிடித்துக்கொண்டு போன நாய்களைச் சில நாட்களில் அதே முனையில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே காப்பகம் கட்டி எல்லாவற்றையும் அடைத்தால் என்ன?
– வாசகர், அம்மாபேட்டை

ஐயா, அதே இடத்தில் விட வேண்டும் என்பதுதான் சட்டம். மத்திய அரசின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் (2023) அதைத்தான் சொல்கின்றன. டெல்லி நாய்களை மொத்தமாகக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 11 அன்று பிறந்த உத்தரவை, உச்ச நீதிமன்றமே ஆகஸ்ட் 22 அன்று மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய்க்கு ஆளானவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு.

உங்கள் தெருவிலிருந்து பத்து நாய்களை அப்புறப்படுத்துகிறார்கள் என்று வையுங்கள். குப்பையும் இறைச்சிக் கழிவும் அங்கேயே கிடக்கின்றன. சில வாரங்களில் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து இடம் பிடிக்கும். அவை கருத்தடை ஆகாதவை, ஊசி போடாதவை. பழகிய நாய் போய்ப் பழகாத நாய் வந்திருக்கும்.

காப்பகக் கணக்கையும் பாருங்கள். நூறு நாய்களுக்கு, நாய் ஒன்றுக்கு நாளுக்கு அரைக் கிலோ உணவு என்றால் ஆண்டுக்குப் பதினெட்டு டன்னுக்கு மேல் வேண்டும். அதுவும் நூறு நாய்களுக்கு மட்டும். நெருக்கி அடைத்தால் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய வைரஸ் நோய்கள் கூண்டு கூண்டாகப் பரவும், பலவீனமானதை மற்றவை கடித்துக் குதறும். போதிய ஆளும் மருந்தும் இல்லாத காப்பகம், நாய்கள் நம் கண்ணில் படாமல் சாகும் இடமாகிவிடும். அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வு தரவும், நோயுற்றவற்றைத் தனிமைப்படுத்தவும், திரும்ப விட முடியாதவற்றை வைத்துப் பராமரிக்கவும் காப்பகம் கட்டாயம் வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

இன்னொன்று. பெண் நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்; ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும். புகார் வந்த தெருவில் நான்கு, வேறொரு தெருவில் இரண்டு என்று பிடித்தால், குட்டிகள் பிறக்கும் வேகத்தை எட்டவே முடியாது. சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள் இருக்கின்றன. ஒரு வார்டை எடுத்து, அதிலுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றை முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போக வேண்டும். வெறிநோய்ப் பரவல் அறுபட 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உங்கள் கவுன்சிலரிடம் இந்த வார்டு வாரியான கணக்கைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள்.

பஸ் நிலையத்திலும் அரசு மருத்துவமனை வளாகத்திலும்கூடத் திரும்ப விடுவார்களா?
– வாசகி, அஸ்தம்பட்டி

விடக் கூடாது. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றில் பிடிக்கும் நாய்களைக் கருத்தடைக்குப் பின் காப்பகத்தில்தான் வைக்க வேண்டும். காப்பக நிதியைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

எங்கள் கடை வாசலில் லாரி ஏறிய நாய் ஒன்று இடுப்பு நொறுங்கி இரண்டு நாளாகக் கிடந்து துடித்தது. ‘ஊசி போட்டு முடிக்கலாம்’ என்றால் எல்லோரும் தயங்கினார்கள். அதற்குச் சட்டத்தில் இடமே இல்லையா?
– வணிகர், செவ்வாய்ப்பேட்டை

இடம் இருக்கிறது. அந்த இரண்டு நாள் வேதனை தவிர்த்திருக்கக்கூடியது என்பதை நினைக்க மனம் கனக்கிறது. தீராத நோயுற்ற, உயிர்பிழைக்க வழியில்லாத காயமடைந்த நாய்களைக் கருணைக்கொலை செய்ய 2023 விதிகள் அனுமதிக்கின்றன. உள்ளூர்க் கண்காணிப்புக் குழு நியமிக்கும் மருத்துவக் குழு நாயைப் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். தகுதியுள்ள கால்நடை மருத்துவர் சோடியம் பென்டோபார்பிட்டால் போன்ற மருந்தால், இன்னொரு நாயின் கண்முன் இல்லாமல், வலியின்றிச் செய்ய வேண்டும். தமிழக அரசும் 2025 ஜூலையில் இதற்கு அனுமதி வழங்கியிருக்கிறது.

இரவு ஒன்பது மணிக்கு அடிபட்ட நாய்க்கு யாரை அழைப்பது என்பதை உள்ளாட்சி முன்கூட்டியே தீர்மானித்து வைக்காவிட்டால், இந்த அனுமதி அந்த நாய்க்கு எட்டாது. ஒரு தொலைபேசி எண், முறைவைத்து வரும் மருத்துவர், செய்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு பதிவேடு ஆகிய மூன்றும் வேண்டும். பதிவேடு இல்லாத இடத்தில் ‘தீராத நோய்’ என்ற பெயரில் சொறி பிடித்த நாயையும் முடித்துவிடுவார்கள். சொறி சில வார மருந்தில் குணமாகும்.

வெறிபிடித்த நாயைக்கூட உடனே கொல்லக் கூடாதாமே?
– வாசகர், கொண்டலாம்பட்டி

சந்தேகம் வந்தால் பிடித்துத் தனிக்கூண்டில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்கிறது விதி. வெறிநோய் இருந்தால் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் அது இறந்துவிடும். வலிப்புள்ள நாயையும் விஷம் தின்ற நாயையும் வெறிநாய் என்று அடித்துக் கொல்வது நடக்கிறது. அடித்துக் கொன்று புதைத்துவிட்டால், கடித்த நாய்க்கு நோய் இருந்ததா என்பதும் தெரியாமல் போகும்.

கடிபட்டவர் அந்தப் பத்து நாட்களுக்குக் காத்திருக்கக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். ஆழமான கடி என்றால், உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. இதைத் தாமதித்த குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்திருப்பதால் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆளில்லாத நாய்கள் கூட்டமாகக் காட்டுமாட்டுக் கன்றுகளைத் துரத்துகின்றன. மாநகராட்சி வண்டி மலைக்கு வருமா?
– வாசகர், நாகலூர்

மாநகராட்சியின் எல்லை மலைக்கு வராது. ஏற்காடு தனி ஊராட்சி ஒன்றியம். அங்கே பொறுப்பு ஊராட்சிகளுடையது. காட்டுமாடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்பதால் வனத்துறைக்கும் எழுதுங்கள். துரத்துவதோடு ஆபத்து முடிவதில்லை. தடுப்பூசி போடாத நாய்கள் டிஸ்டெம்பரைக் காட்டு ஊனுண்ணிகளுக்கும் கடத்தக்கூடும்.

நாய்களை இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுபோய், மறுபடி ஏற்றிவருவது நெடுநாள் தாங்கும் ஏற்பாடு அல்ல. கால்நடை பராமரிப்புத் துறையோடு சேர்ந்து மலையிலேயே கருத்தடை முகாம் நடத்த வேண்டும். அதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு கூட்டங்கள் இருக்கின்றன. தோட்டத்து நாய்களுக்குக் கழுத்துப்பட்டை அடையாளமும், விடுதிகளின் எச்சில் உணவுக்கு மூடிய தொட்டியும் தீர்மானத்தில் இடம்பெறட்டும். வளர்த்த நாயை மலையில் இறக்கிவிட்டுப் போவது மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்ற பலகையை அடிவாரத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பகுதியில் யாரோ விஷம் வைத்து நாய்களைக் கொன்றுவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, பெயர் வேண்டாம்

காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள் அம்மா. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உடல்களைப் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அது இல்லாமல் வழக்கு நிற்காது. மிச்சம் கிடக்கும் இரையைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடி வாசலில் நாய்களுக்குச் சோறு வைப்பதால் தினமும் சண்டை. யார் சொல்வது சரி?
– வாசகர், சூரமங்கலம்

உணவளிப்பது குற்றமல்ல, வாசலில் அளிப்பதுதான் தவறு. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நுழைவாயிலுக்கும் தள்ளி ஓரிடத்தைக் குடியிருப்போர் சங்கம் ஒதுக்க வேண்டும் என்பது விதி. வார்டுதோறும் உணவிடம் அமைக்க நீதிமன்றமும் உள்ளாட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நேரம் குறித்து, ஆள் நடமாட்டம் குறைந்த பொழுதில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். தினமும் சோறு வைப்பவரைத்தான் அந்த நாய்கள் அண்டவிடும். கருத்தடைக்குப் பிடிக்க வண்டி வரும் நாளில் அவரையே உதவிக்கு அழையுங்கள்.