இம்மாதத் தலைப்பு 'காலணி': கேள்வி பதில்

எங்கள் புகைப்பட ஆர்வலர் குழுவின் மாதப் போட்டிக்கு இம்முறை 'காலணி' தலைப்பாக அமைந்திருக்கிறது. ஒருவர் ஒரு படம் மட்டுமே அனுப்பலாம். அதுவும் அறிவிப்புக்குப் பின் எடுத்த புதிய படமாக இருக்க வேண்டும். முன்பு சில போட்டிகளுக்கு நடுவராக இருந்த நான் இம்முறை அந்தப் பொறுப்பில் இல்லை என்பதால், வந்த கேள்விகளுக்குத் தயக்கமின்றிப் பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: ஐயா, வீட்டிலிருக்கும் காலணிகளையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று கடை விளம்பரம் போல இருக்கிறது, இல்லையென்றால் ஏதோ தரையில் கிடப்பது போல இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

நீங்கள் நின்றுகொண்டே எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செருப்பை நாம் நாள்தோறும் பார்ப்பது அந்த உயரத்திலிருந்துதான். அதனால் அந்தக் கோணத்தில் எடுத்த படம் பார்ப்பவரை ஒரு நொடிகூட நிறுத்துவதில்லை. கேமராவைத் தரையிலேயே வைத்துப் பாருங்கள். குதிகால் ஒரு சுவர் போல எழும். வார் ஒரு வளைவாகத் தெரியும். அடுத்து, புதுச் செருப்பை விட்டுவிடுங்கள். பல மாதம் மிதிபட்ட செருப்பில் ஐந்து விரல்களின் குழிகளும் பதிந்திருக்கும். அடிப்பகுதி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அதை அணிந்தவர் எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்பதுகூடத் தெரிந்துவிடும். இந்தக் குழிகளும் தேய்மானமும் படத்தில் தெரிய வேண்டுமானால் ஒளி மேலிருந்து விழக்கூடாது, பக்கவாட்டில் வர வேண்டும். காலை ஏழு மணிக்கு வாசற்படியில் சாய்ந்து விழும் வெயிலில் ஒரு முறையும், அதே செருப்பை அதே இடத்தில் உச்சி வெயிலில் ஒரு முறையும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மென்பொருள் பணியாளர், சென்னை: தரையோடு தரையாக எடுக்கச் சொல்கிறீர்கள். ஆனால் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் எடுத்த புகழ்பெற்ற காலணிப் படம் மேலிருந்து எடுக்கப்பட்டதுதானே?

நல்ல மறுப்பு. 1936இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹேல் மாவட்டத்துக் குத்தகை உழவரான ஃபிளாய்ட் பரோஸின் உழைப்புக் காலணிகளை எவன்ஸ் எடுத்த படத்தைச் சொல்கிறீர்கள். அதில் வெற்று மண்மீது ஒரு ஜோடி பழைய பூட்ஸ் கிடக்கிறது; கேமரா சற்று மேலிருந்து அதைக் குனிந்து பார்க்கிறது; அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்துக்கு அந்த மண் தேவைப்பட்டது. தோலின் நிறமும் நிலத்தின் நிறமும் ஒன்றோடொன்று கலந்து நிற்பதைக் காட்ட வேண்டுமானால் தரையைக் காட்டித்தான் ஆக வேண்டும். தாழ்ந்த கோணத்தில் தரை ஒரு கோடாகச் சுருங்கிவிடும். ஆகவே என் விதியைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன்: தரைக்கும் காலணிக்கும் உறவு இருந்தால் மேலிருந்து எடுங்கள், வீட்டு டைல்ஸ் தரையென்றால் தயவுசெய்து கீழே இறங்குங்கள்.

இல்லத்தரசி, மதுரை: என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது. அருகில் சென்று எடுத்தால் ஷூவின் முனை பூசணிக்காய் போல வீங்கித் தெரிகிறது.

கைபேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற கோணம் கொண்டது. மிக அருகில் செல்லும்போது முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் பதிவாகும். இரண்டடி பின்னால் சென்று, 2 மடங்கு ஜூம் என்ற அமைப்பில் எடுங்கள். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு மிக அருகில் வந்துவிடும். பெரிய கேமராக்காரர்கள் வயிற்றில் படுத்துப் பெறும் கோணம் உங்களுக்கு உட்கார்ந்தபடியே கிடைக்கும்.

வங்கி ஊழியர், சேலம்: 50 மி.மீ. லென்ஸில் ஒளித்துளையை எஃப்/1.8 என அகலத் திறந்து வைத்து எடுத்தேன். ஷூவின் நாடா மட்டும் தெளிவாக இருக்கிறது, மற்றதெல்லாம் மங்கல். லென்ஸில் பழுதா?

லென்ஸ் நன்றாகவே இருக்கிறது. ஏபிஎஸ்-சி என்னும் நடுத்தர அளவுச் சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் சில்லு) உள்ள கேமராவில், அரை மீட்டர் தூரத்தில், எஃப்/1.8 வைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் 1 செ.மீ.கூட இருக்காது. எஃப்/8 என ஒளித்துளையைச் சுருக்கினாலும் ஏறத்தாழ 3 செ.மீ. தான். ஒரு ஷூவின் நீளமோ 28 செ.மீ. அளவில் இருக்கும். அதே எஃப்/8இல் ஒன்றரை மீட்டர் தூரத்துக்குப் பின்னால் சென்றால், தெளிவின் ஆழம் ஏறக்குறைய முழு ஷூவையும் தழுவிக்கொள்ளும். பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். பின்னணி மங்கலாக இருப்பதே நல்ல படம் என்ற எண்ணம் பெரிய லென்ஸ் வாங்கிய முதல் ஆண்டில் எல்லோருக்கும் வரும். எனக்கு மூன்று ஆண்டுகள் நீடித்தது.

ஆசிரியர், தஞ்சாவூர்: கறுப்பு ஷூ சாம்பல் நிறத்தில் வருகிறது. பாலிஷ் போட்டால் அதில் டியூப்லைட்டும் என் முகமும் தெரிகின்றன.

கேமரா தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். சட்டகம் நிறையக் கறுப்பு இருந்தால் அது தேவைக்கு மேல் ஒளியை உள்ளே விடும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியின் அளவை, ஒரு படி குறையுங்கள். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்கு ஒரு படி கூட்டுங்கள். பளபளப்பைப் பொறுத்தவரை, பாலிஷ் போட்ட ஷூ என்பது வளைந்த கண்ணாடி; எதிரே என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். எனவே அதற்கு எதிரே காட்டத் தக்க ஒன்றை வையுங்கள். சன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, மறுபுறம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால், சிதறிய வெள்ளைப் புள்ளிகள் மறைந்து நீண்ட மென்மையான ஒளிக்கோடு கிடைக்கும். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி தோலின் பளபளப்பை ஓரளவு குறைக்கும்; உலோகக் கொக்கியின் பளபளப்பில் அதன் வித்தை பலிக்காது.

ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கம்: கோயில் வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளை எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

எடுங்கள், ஆனால் உங்களைப் போலப் பலரும் எடுப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பெரிய செருப்புகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் சின்னச் செருப்பு என்ற படம் கட்டாயம் வரும். ஒன்றுக்கு மேலும் வரும். வெறும் குவியல் ஒரு வடிவம் மட்டுமே. அதற்குள் ஏதேனும் நடக்க வேண்டும். தரிசனம் முடித்து வந்தவர் தம் செருப்பைக் காணாமல் ஒற்றைக் காலால் மற்றவற்றைத் தள்ளித் தள்ளித் தேடுவார். சித்திரை வெயிலில் கொதிக்கும் கல்மீது வெறுங்காலோடு தாவி வந்து செருப்புக்குள் காலை நுழைப்பவரின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம், விரல்களே போதும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். அசைவு மங்காமலிருக்க ஷட்டர் வேகம் நொடியில் 1/500க்குக் குறையாமல் இருக்கட்டும்.

பத்திரிகைத் துறை மாணவர், கோவை: சாலையோரம் செருப்பு தைக்கும் பெரியவரைத் தூரத்திலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்தால் இயல்பாக வரும் அல்லவா, அண்ணா?

தம்பி, அப்படிச் செய்யாதீர்கள். முதலில் அறுந்த செருப்பு ஒன்றைக் கொண்டுபோய்த் தைக்கக் கொடுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள். சம்மதித்தால் அவர் மீண்டும் வேலையில் மூழ்கும்வரை காத்திருங்கள். அப்போது வரும் இயல்பு ஒளிந்திருந்து எடுப்பதில் வராது. தலைப்பு காலணி என்பதால் முகத்தைவிடக் கைகளை நெருங்குங்கள்: குத்தூசி, மெழுகு தேய்த்த நூல், செருப்பைக் கவிழ்த்து வைத்து ஆணி அடிக்கும் மூன்று கால் இரும்பு. வறுமையின் சின்னமாக அவரைக் காட்டும் படத்துக்கு நான் நடுவராக இருந்தபோது ஒருமுறையும் மதிப்பெண் கொடுத்ததில்லை.

வாசகர், ஆம்பூர்: எங்கள் ஊரில் தோல் காலணித் தொழிற்சாலைகள் நிறைய. உள்ளே எடுக்க வாய்ப்புக் கிடைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

எழுத்து மூலமான அனுமதி முதலில். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புதிய வடிவங்கள் மேசைமீது இருக்கும் என்பதால் எந்தப் பகுதியை எடுக்கக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வைத்தால் படத்தில் பட்டை விழாது. பாதத்தின் வடிவில் செய்த, ஷூவுக்கு உருக்கொடுக்கும் அச்சுகளான லாஸ்டுகள் வரிசையாக நிற்கும் அலமாரியை விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலைக்கு அனுமதி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. உங்கள் பகுதியில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஷூவின் மேல்பகுதியான 'அப்பர்' தைப்பதை நீங்கள் அன்றாடம் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இசைந்தால், எனக்கு அதுவே மேலான படம்.

கால்நடை மருத்துவர், ஈரோடு: மாட்டின் லாடம் காலணியா? கொலுசு?

கொலுசு அணிகலன், காலணி அன்று. லாடம் காலைக் காப்பது, நான் ஏற்பேன். மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் காலுக்கு இரண்டு வீதம் எட்டுத் துண்டுகள் அடிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இறுதி முடிவு இம்மாத நடுவருடையது, கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நூலகர், புதுச்சேரி: படத்துக்குத் தலைப்பு எவ்வளவு முக்கியம்?

சில படங்களுக்கு அது உயிர். காந்தி தென்னாப்பிரிக்கச் சிறையில் தம் கையால் செய்த ஒரு ஜோடி செருப்பை 1914இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார். தம்மைச் சிறையில் அடைத்த அரசின் அமைச்சர் அவர். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் அணிந்திருந்து, காந்தியின் 70ஆம் பிறந்தநாளையொட்டி 1939இல் திருப்பி அனுப்பினார். அந்தச் செருப்பின் படம் செய்தி தெரியாதவருக்கு வெறும் தோல்தான். உங்கள் படத்துக்கு இத்தகைய பின்கதை இருந்தால் ஒரு வரியில் சொல்லுங்கள். இல்லையென்றால் 'வாழ்க்கைப் பயணம்', 'தேய்ந்த கனவுகள்' போன்ற பெயர்களைச் சூட்டாமல் விட்டுவிடுவது படத்துக்குச் செய்யும் உபகாரம்.

பள்ளி மாணவன், நாகர்கோவில்: அப்பாவின் வயல் செருப்பைச் சேற்றோடு எடுக்க நினைத்திருந்தேன். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் அம்மா கழுவிக் காயவைத்துவிட்டார்கள். நானே சேறு பூசி எடுக்கலாமா?

பூசிய சேறு மேலே மட்டும் இருக்கும். நடந்து ஏறிய சேறு ஓரங்களில் வெடித்தும் வாருக்கடியில் உலர்ந்தும் இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். போட்டி முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அப்பா நாளைக் காலையிலும் வயலுக்குத்தானே போவார். அம்மாவிடம் மட்டும் இன்றிரவே சொல்லி வைத்துவிடுங்கள்.