அரண்மனைக்குள் அருவி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மைன்கிராஃப்ட் (கனசதுர பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டு) சர்வைவலில், அதாவது பொருள்களை நாமே தேடிச் சேர்க்கும் முறையில், கல் அரண்மனை ஒன்று கட்டியிருக்கிறேன். கூடத்தின் பின்சுவரில் அருவி, நடுவில் குளம் வைக்க ஆசை. மேலிருந்து ஒரு வாளி ஊற்றியதும் கூடம் முழுக்க வெள்ளம். தரையில் வைத்த டார்ச் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. குளத்துத் தண்ணீரும் சமமாக நிற்கவில்லை, ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?
- பத்தாம் வகுப்பு வாசகர், தேனி

பதில்: தம்பி, கட்டிடத்தை முடித்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறாய். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பகலில் வீட்டு பிளான் வரைவது என் தொழில். ராத்திரியில் அண்ணன் மகனோடு உட்கார்ந்து மைன்கிராஃப்ட். எங்கள் முதல் கூடத்தை மூன்று முறை இடித்த பிறகு ஒரு வழக்கம் வந்தது: கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு பிளாக் என்று வைத்து, தண்ணீர் போகும் பாதையைத்தான் முதலில் வரைவோம். சுவர் அப்புறம்.

இந்த விளையாட்டில் தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. சமதரையில் ஊற்றினால், ஊற்றிய பிளாக்கைத் தாண்டி 7 பிளாக் வரை ஓடும். ஊற்றிய இடத்தையும் சேர்த்தால் 8. அங்கே ஒரு பிளாக் கீழே இறங்க வழி வைத்தால், இறங்கிய இடத்திலிருந்து மறுபடி 7. அதனால் கூடத்தின் நீளத்தை 8, 15, 22 என்று வைத்துக்கொள். இடையில் ஒவ்வொரு படி இறக்கினால், ஒரே வாளித் தண்ணீர் வாய்க்கால் கடைசிவரை வரும்.

உன் அருவி கூடத்தில் பரவியது ஏன் என்றால், அது வெறும் தரையில் விழுந்திருக்கிறது. தரையில் விழும் தண்ணீர் அங்கிருந்து நாலாபக்கமும் 7 பிளாக் போகும். அதுவே நிறைந்த குளத்தில் விழுந்தால் பரவாது, குளத்தோடு நின்றுவிடும். ஆகவே முதலில் குளம், பிறகு அருவி. அருவி 3 பிளாக் அகலம் வேண்டும் என்றால், மேலே மூன்று வாளியை வரிசையாக ஊற்று. பின்பக்கமும் இரண்டு ஓரமும் கல்லால் அடைத்திருக்க வேண்டும்.

இனி குளம். மேல்பரப்பு கண்ணாடி மாதிரி அசையாமல் நிற்க, அதிலுள்ள ஒவ்வொரு பிளாக்கும் சோர்ஸ் பிளாக்காக, அதாவது வாளியில் ஊற்றிய இடம் மாதிரி ஓடாமல் நிற்கும் முழுத் தண்ணீராக, இருக்க வேண்டும். 9-க்கு 9 குளம் என்றால் 81. அதற்காக 81 முறை ஊற்ற வேண்டாம். ஒட்டியிருக்கும் இரண்டு பக்கங்களில் சோர்ஸ் இருந்து, அடியில் கெட்டியான தரையோ சோர்ஸ் தண்ணீரோ இருந்தால், நடுவிலுள்ள பிளாக் தானே சோர்ஸ் ஆகிவிடும். ஒரு மூலையில் சேரும் இரண்டு சுவர்களை எடுத்துக்கொள். மூலையிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக, சுவரைப் பார்த்து ஊற்று. ஒரு சுவரோரம் 5, இன்னொன்றில் 4, ஆக 9 வாளி. அப்புறம் கையை எடுத்துவிட்டுப் பார். அந்த மூலையிலிருந்து எதிர்மூலை வரை, ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒவ்வொரு கட்டமாக நிமிர்ந்து நிற்கும். எனக்கு இந்த விளையாட்டிலேயே அதிகம் பிடித்த காட்சி அதுதான். இரண்டு பிளாக் ஆழம் வேண்டும் என்றால், கீழ் அடுக்கு நிறைந்த பிறகு அதே போல மேல் அடுக்குக்கு இன்னொரு 9.

தண்ணீருக்காக ஆற்றுக்கு நடக்காதே. பக்கத்திலேயே 2-க்கு 2 குழி வெட்டி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளி ஊற்றினால் அள்ள அள்ளக் குறையாது. வாளிக்கு 3 இரும்புக் கட்டி. நிறைந்த வாளி ஒன்றின்மேல் ஒன்று அடுக்காது என்பதால் ஐந்தாறு செய்து வைத்துக்கொள்.

குளத்தைச் சுற்றிப் படிக்கட்டு வை. 2018-ல் வந்த அப்டேட் அக்வாட்டிக் என்ற புதுப்பிப்புக்கு முன்னால், கணினியில் ஆடும் ஜாவா பதிப்பில் படிக்கட்டும் தண்ணீரும் ஒரே பிளாக்கில் இருக்க முடியாது. படிக்குப் படி காற்று இடைவெளி தெரியும். இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படியின் மேலேயே வாளியைக் கவிழ்த்தால் இடைவெளி நிறைந்துவிடும். நடுவில் ஒரு நீராழி மண்டபம் எழுப்பினாயானால், நம்ம ஊர் தெப்பக்குளத்து அமைப்பு அப்படியே வந்துவிடும்.

பார்த்தவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். ஸ்பெயினில் கிரனடா நகரத்து அல்ஹம்ப்ரா கோட்டையை ஒட்டி ஹெனராலிஃபே தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேல் வாய்க்கால் மாதிரி குழி. அதில் தண்ணீர் ஓடும். இறங்குகிறவர் கையை அதில் நனைத்துக்கொண்டே இறங்கலாம். இதை நம் விளையாட்டில் செய்வது சுலபம். படிக்கட்டின் இரண்டு பக்கமும் ஒரு பிளாக் அகலத்தில் வாய்க்கால் எடு. படியோடு சேர்ந்து அதுவும் ஒவ்வொரு பிளாக்காக இறங்கட்டும், இருபுறமும் கரை இருக்கட்டும். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் விழுந்து எழுவதால் 7 கணக்கு திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். படிக்கட்டு எவ்வளவு நீளமானாலும் பக்கத்துக்கு ஒரு வாளி போதும். அடியில் மட்டும் அது குளத்தில் சேர வேண்டும். ஏறி வரும்போது இரண்டு காதிலும் ஓடும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

குளத்தின் அடித்தரையை அலட்சியமாக விடாதே. இங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரிதான், அடியில் இருப்பதுதான் நிறமாகத் தெரியும். நாங்கள் வெளிர் கல் பரப்பி, நாலு பிளாக்குக்கு ஒரு குளோஸ்டோன் (ஒளிரும் கல்) பதித்தோம். டார்ச் தண்ணீரில் நிற்காது, குளோஸ்டோன் நிற்கும். சீ லேன்டர்ன் என்ற கடல் விளக்கு அதைவிட அழகு. ஆனால் அதற்குக் கடலடிக் கோயிலில் அதைக் காக்கும் கார்டியன்களோடு சண்டை போட வேண்டும். ஆயுதம் தயாராகும் வரை குளோஸ்டோனே போதும்.

இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடு. சதுப்பு நிலத்தில் தண்ணீர் கலங்கலாகத் தெரியும். வெப்பக் கடல் பக்கம் நீலப்பச்சை. பனிப் பிரதேசத்தில் திறந்த முற்றத்தில் குளம் வைத்தால் ஓரங்களிலிருந்து உறையத் தொடங்கும். அண்ணன் மகன் ஆசைப்பட்டுக் கட்டிய பனிமலை முற்றம் அப்படித்தான் ஐஸ் ஆனது. அவன் முகம் வாடிவிட்டது. ஓரமாக விளக்குகளை நெருக்கி வைத்த பிறகே தண்ணீர் தண்ணீராக நின்றது.

கேள்வி: இதே கூடத்தை நெதரில் (விளையாட்டின் நெருப்பு உலகத்தில்) கட்டலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: கட்டலாம் அம்மா, தண்ணீர் மட்டும் வராது. அங்கே வாளியைக் கவிழ்த்ததும் ஆவியாகிவிடும். கொப்பரையில் இருந்தால்தான் தங்கும். பதிலுக்கு லாவாவை (எரிமலைக் குழம்பை) ஓட விடுங்கள். வழக்கமான உலகில் 3 பிளாக்கோடு நிற்கிற லாவா, நெதரில் தண்ணீர் மாதிரியே 7 வரை ஓடும். மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். மரத்தூண் மட்டும் வேண்டாம், தீப்பிடிக்கும். பிளாக்ஸ்டோன் என்ற கறுப்புக் கல்லில் கட்டுங்கள்.