தோட்டம் போடக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஊரப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடியேறி ஓராண்டு ஆகிறது. வீடு போக 1,200 சதுர அடி வெறும் மண்ணாகக் கிடக்கிறது. 700 சதுர அடி கொரியன் புல்தரை, வளர்ந்த அலங்காரப் பனைகள் ஆறு, கிரானைட் நடைபாதை, சிறிய செயற்கை அருவி ஆகியவற்றுக்கு ஒரு தோட்ட அமைப்பு நிறுவனம் 4 லட்சம் ரூபாயும், பராமரிப்புக்கு மாதம் 3,500 ரூபாயும் கேட்கிறது. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 95,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை உட்படச் செலவு 75,000. வைப்புநிதியில் 3 லட்சம் இருக்கிறது. சித்திரைக்குள் வேலையை முடிக்க நினைக்கிறோம். வீட்டுக்கடனோடு சேர்த்துக் கூடுதலாக டாப்-அப் கடன் வாங்கலாமா, தனிநபர் கடன் நல்லதா, வைப்புநிதியை முறிக்கலாமா? தோட்டம் இருந்தால் வீட்டின் விலை கூடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: மூன்றுமே வேண்டாம் என்பதே என் கருத்து. 4 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,670 ரூபாய் வரும். வட்டியாக மட்டும் 92,000 ரூபாய் போகும். டாப்-அப் கடன் 9.5 சதவீதத்துக்குக் கிடைத்து அதை 15 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 4,180 ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால் அது மலிவாகத் தோன்றும். ஆனால் காலம் முடியும்போது நீங்கள் கட்டியிருக்கும் வட்டி ஏறத்தாழ மூன்றரை லட்சம். புல்லுக்கும் பனைக்கும் பதினைந்து ஆண்டுக் கடன் என்பதை என்னால் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை. வைப்புநிதியோ உங்கள் அவசரகால நிதி. ஆறு மாதச் செலவுக்கு 4.5 லட்சம் கையிருப்பு வேண்டிய குடும்பத்தில் இப்போதே ஒன்றரை லட்சம் குறைகிறது.

வீட்டின் விலையைப் பற்றி: நான் பார்த்த வங்கி மதிப்பீட்டு அறிக்கைகளில் மனைக்கு ஒரு விலையும், தேய்மானம் கழித்துக் கட்டடத்துக்கு ஒரு விலையும் போடுவார்கள், புல்தரைக்கென்று யாரும் தொகை எழுதியதில்லை. புறநகரில் மனை வாங்க வருபவர் தண்ணீரையும் பாதையின் அகலத்தையும் பார்த்துத்தான் பேரம் பேசுகிறார். எனவே தோட்டத்தை முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வாழ்க்கைச் செலவு. விரும்பிச் செய்வதில் தவறே இல்லை.

விலைப்பட்டியலில் என் கண் நின்ற இடம் 4 லட்சம் அல்ல, 3,500. ஆண்டுக்கு 42,000 என்றால் பத்தாண்டில் 4.2 லட்சம், அதாவது தோட்டத்தை இன்னொரு முறை போடும் செலவு. தண்ணீர் இதில் சேரவில்லை. 700 சதுர அடி என்பது 65 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டால் 325 லிட்டர், மாதத்துக்கு 9,750 லிட்டர் ஆகிறது. ஆழ்துளைக் கிணறு வற்றும் மாதங்களில் 12,000 லிட்டர் லாரி ஒன்றில் ஐந்தில் நான்கு பங்கு புல்லுக்கே போய்விடும். 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உட்கார்ந்து பேச 150 சதுர அடிப் புல்தரை போதும். அதற்கு நாளொன்றுக்கு 70 லிட்டரே தேவைப்படும்.

வரைபடத்தை நீங்களே போடலாம். ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று வரைதாளில் மனையை வரைந்து, சம்ப், செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு, மழைநீர்க் குழி, மின்கம்பி எல்லாவற்றையும் முதலில் குறியுங்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி என மூன்று வேளையும் நிழல் விழும் இடங்களைக் கோடிட்டு வையுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: சித்திரை நடுவிலிருந்து ஆடி முடிய நம் பகுதியில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் என்பதால், தை மாதத்தில் நிழலாகத் தெரியும் வடக்குப் பக்கம் கோடையில் காயும். மேற்கு வெயிலைத் தடுக்கும் இடத்தில் ஒரு புங்கனோ வேம்போ வைத்தால் அந்தப் பக்கத்து அறையின் ஏசி கட்டணம் சற்றுக் குறையும். இந்தத் தோட்டத்தில் பணமாகத் திரும்பி வரக்கூடியது அநேகமாக அது ஒன்றுதான். சுவரையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளி நடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்த மரங்கள் எத்தனை வீட்டு மதில்களை உடைத்தன என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

செலவைத் தொடங்க வேண்டிய இடம் மண். என் வீட்டில் வைத்த இரண்டு செம்பருத்திகள் அடுத்தடுத்துக் காய்ந்தன. மூன்றாவதற்குக் குழியைப் பெரிதாக வெட்டியபோது உடைந்த டைல்ஸும், தண்ணீர் பட்டுக் கல்லாகிவிட்ட அரை மூட்டை சிமெண்டும் கிடைத்தன. புதிதாகக் கட்டிய வீடுகளைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் இத்தகைய கட்டடக் கழிவுதான். நடும் இடங்களில் இரண்டடி தோண்டிச் செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பாமல் வாங்கும் எந்தச் செடிக்கும் கொடுக்கும் பணம் வீண்.

மாதம் மிஞ்சும் 20,000 ரூபாயில் பாதியை அவசரகால நிதியில் சேருங்கள். பதினைந்து மாதத்தில் அந்தக் குறை நிரம்பிவிடும். மறுபாதியைத் தொடர் வைப்பில் போட்டால் இந்தத் தையிலிருந்து ஆவணிக்குள் 80,000 ரூபாய் சேரும். கோடையில் கழிவை அகற்றி மண் நிரப்பி, சொட்டுநீர்க் குழாய் பதியுங்கள். ஆடி, ஆவணியில் மரக்கன்றுகளை நட்டால் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். சித்திரையில் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் உங்களைக் கடனுக்குத் தள்ளுகிறது. அந்த வெயிலில் நட்டால் பாதி பிழைப்பதே சிரமம். நடைபாதையும் புல்தரையும் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். வளர்ந்த பனைகளுக்குப் பதிலாகத் தோட்டக்கலைத் துறையின் பண்ணைகளிலோ பக்கத்து நர்சரியிலோ கன்றுகளாக வாங்குங்கள். செடிகளைத் தனியாக வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது; அதே செடிகள் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகைக்குள் போய்விட்டால் பொதுவாக முழுத் தொகைக்கும் 18 சதவீத வரி விழும்.

நிறுவனத்தின் உதவி தேவைப்பட்டால் தரைமட்டம், வடிகால் ஆகிய இரண்டுக்கு மட்டும் தனிக் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். நடும் வேலையையும் அவர்களிடமே கொடுப்பதாக இருந்தால், கூலியில் பத்து சதவீதத்தை மூன்று மாதம் நிறுத்திவைப்பதாகவும், அதற்குள் பட்டுப்போகும் செடிகளை அவர்களே மாற்றித்தர வேண்டும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். அருவியை இப்போதைக்கு வரைதாளில் பென்சிலால் மட்டும் குறித்து வையுங்கள். இரண்டு மழைக்காலம் கழித்தும் அது வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் தோன்றினால், அதற்கான பணம் அப்போது தொடர் வைப்பிலேயே இருக்கும்.